தோட்டத்தில் இருந்தபடியே பிள்ளைகளைப் பற்றிப் படிப்பது

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு 27 வயது. நிபோங் தெபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் 2 கிரெடிட்தான். 6 வருடமாக ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. சாயங்காலம் கோயில் மண்டபத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் 15 பேருக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருகிறேன். குழந்தைகள், இளையோர் வளர்ச்சி பற்றித் தொலைதூரக் கல்வியில் முறையாகப் படிக்க ஆசை. ஆனால் இங்கே இணைய லைன் சரியாகக் கிடைக்காது. ஆங்கிலம் தடுமாறும். 3 வயதில் மகள் இருக்கிறாள். "பிள்ளை பார்க்கிற வேலைக்கு எதுக்குப் படிப்பு" என்கிறார் வீட்டுக்காரர். இன்னொன்று, மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்த 14 வயதுப் பையன் ஒருவன் ஒரு வருடப் புகுமுக வகுப்பு முடித்து, இடைநிலைப் பள்ளியில் படிவம் 1க்குப் போனதிலிருந்து பள்ளிக்கு மட்டம் போடுகிறான். நல்ல பையன். சின்னப் பிள்ளைகளின் உடைந்த மூன்று சக்கர சைக்கிளை அவன்தான் சரிசெய்து தந்தான். இப்போது மண்டபத்துக்கும் வருவதில்லை. இதற்கெல்லாம் என்ன செய்வது என்று படித்தால் தெரியுமா? எங்கே, எதைப் படிப்பது?
— பெயர் வேண்டாம், செபராங் பிறை தெற்கு

பதில்:

அன்புத் தங்கைக்கு, வணக்கம்.

படிக்கலாம். தோட்டத்தில் இருந்தபடியே படிக்கலாம். 20 வருடத்துக்கு மேலாக ஜோர்ஜ்டவுனில் இருந்துகொண்டு தொலைதூர மாணவர்களுக்குக் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்துகிறேன். பாலிங், கூலிம், பாரிட் புந்தார் என்று உட்புற ஊர்களிலிருந்து வந்தவர்களே என் வகுப்பில் அதிகம். பட்டணத்து மாணவி ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் கவனிப்பதற்கு அனுமதிக் கடிதத்தோடு அலைவாள். உங்கள் வாசலிலோ 3 வயதிலிருந்து 14 வயது வரை ஒரு கூட்டமே விளையாடுகிறது. எந்த வீட்டில் இரவு வேலை, எந்தப் பிள்ளையைப் பாட்டி வளர்க்கிறார், யாருக்கு யார் பெரியப்பா மகன், எல்லாம் உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் 2 வருடம் போராடிச் சேர்க்க வேண்டியதை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு வருகிறீர்கள்.

முதலில் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர். விடியும் முன்னே பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிற தாய்மார், தூங்குகிற பிள்ளைகளைத் துணியில் சுற்றியபடி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பால் வெட்டப் போவார்கள். வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள். ஒரு தொட்டிலின் கயிற்றைக் காலால் ஆட்டிக்கொண்டே இன்னொரு பிள்ளைக்குப் பால் கரைப்பாராம் பாட்டி. ஒருவர் கையில் 30 பிள்ளைகள். அவர் அன்பில் குறை வைத்தவர் இல்லை. ஆனால் 30 பிள்ளைகளுக்கு அவரால் வயிற்றைத்தான் நிரப்ப முடிந்தது, பேசக்கூட நேரம் இருந்திருக்காது. இன்று சட்டம் என்ன சொல்கிறது பாருங்கள். 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ், 1 வயதுக்குள் இருக்கும் குழந்தைகள் 3 பேருக்கு ஒரு பராமரிப்பாளர், 1 முதல் 3 வயது வரை 5 பேருக்கு ஒருவர், 3 முதல் 4 வயது வரை 10 பேருக்கு ஒருவர். பராமரிப்பாளர் முறையான பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். பாலர் பள்ளி ஆசிரியர்கள் குறைந்தது டிப்ளோமா வைத்திருக்க வேண்டும் என்பதை 2013 முதல் 2025 வரைக்கான தேசியக் கல்வித் திட்டம் இலக்காகவே வைத்தது. ஆகவே "பிள்ளை பார்க்கிற வேலை" என்று அவர் சொல்வது இன்றைக்குச் சான்றிதழ் கேட்கிற வேலை. 6 வருட உதவி ஆசிரியைக்கு முழு ஆசிரியை சம்பளம் ஏன் கிடைக்கவில்லை என்று அவரையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் அந்தப் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள்.

எதைப் படிப்பது என்பதுதான் உங்கள் கடிதத்தில் கடினமான கேள்வி. உங்கள் மனம் ஒரே நேரத்தில் 3 வயதுக் குழந்தைமீதும் 14 வயதுப் பையன்மீதும் இருக்கிறது. நம் நாட்டில் அது ஒரே கதவு இல்லை. 4 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் பராமரிப்பு மையமான தாஸ்கா, சமூக நல இலாகாவின் பொறுப்பு. 4 முதல் 6 வயது வரை பாலர் பள்ளி, 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்துக்கு 18 வயது நிறையாத எல்லாருமே குழந்தைகள். இளையோர் என்றால் இளைஞர் அமைச்சு. இளைஞர் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தம் இளையோரின் உச்ச வயதை 40இலிருந்து 30க்குக் கொண்டுவந்தது. நீங்கள் ஒரே மண்டபத்தில் பார்க்கிற பிள்ளைகளை அரசாங்கம் இத்தனை மேசைகளில் பிரித்து வைத்திருக்கிறது.

என் யோசனை, முதலில் ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வி டிப்ளோமா. உங்கள் வேலை அங்கே இருக்கிறது, அனுபவமும் அங்கே இருக்கிறது, செய்முறைப் பயிற்சிக்கு நீங்கள் தினமும் நிற்கிற வகுப்பறையே உதவும். அதை முடித்த பிறகு இளங்கலையில் உளவியலோ ஆலோசனை வழிகாட்டலோ சமூகப் பணியோ எடுத்து இளையோர் பக்கம் திரும்பலாம். ஒரேயடியாக இளையோர் பணியில் இறங்குவதற்குப் பக்கத்தில் வேலையும் குறைவு, வழிகாட்ட ஆளும் குறைவு. சிறு பிள்ளைகளின் வளர்ச்சி புரியாமல் 14 வயதைப் புரிந்துகொள்ள முடியாது என்பதும் என் அனுபவம்.

2 கிரெடிட்தான் என்று வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். டிப்ளோமாவுக்குப் பொதுவாக 3 கிரெடிட் கேட்பார்கள், உண்மைதான். ஆனால் ஏபெல் என்று ஒரு வழி இருக்கிறது. வேலை அனுபவத்தைக் கல்வித் தகுதியாக மதிப்பிடும் முறை அது. டிப்ளோமாவுக்கு 20 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கலாம், இளங்கலைக்கு 21. ஒரு தேர்வு எழுத வேண்டும், நீங்கள் செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பை இன்றைக்கே தொடங்குங்கள். வேலையை உறுதிசெய்யும் கடிதம், போன பயிற்சிகளின் சான்றிதழ், நீங்கள் தயாரித்த பாடத் திட்டம், கையால் செய்த அட்டைகளின் படம், மண்டப வகுப்பின் வருகைப் பதிவு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். எஸ்கேஎம் என்ற திறன் சான்றிதழின் மூன்றாம் நிலையில் குழந்தைப் பராமரிப்பு முடித்து டிப்ளோமாவுக்குப் போகிற வழியும் இருக்கிறது. 27 வயதில் 6 வருட அனுபவத்தோடு இருப்பவருக்கு ஏபெல்தான் நேர்வழி.

மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே ஆரம்பக் குழந்தைப் பருவக் கல்வியில் டிப்ளோமாவும் இளங்கலையும் உண்டு. இங்கே ஜோர்ஜ்டவுனில், சுல்தான் அகமட் ஷா சாலையில், வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கேயும் நேரில் போய்க் கேளுங்கள். தொலைதூரக் கல்வி பினாங்குக்குப் புதிது அல்ல. இங்குள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இலேயே வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குப் பட்டப் படிப்பைத் தொடங்கிவிட்டது. தபாலில் பாடநூல் வந்த காலம் அது.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்கியூஏ வைத்திருக்கும் தகுதிப் பதிவேட்டை இணையத்தில் திறந்து, அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் அந்த ஒரு படிப்பு இருக்க வேண்டும், அதுவும் தொலைதூர முறையில் நடத்துவதற்கென்று இருக்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் எஃப்ஏ என்றிருந்தால் முழு அங்கீகாரம், பிஏ என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 25 வயதில் குழந்தை உளவியல் என்று ஒரு தனியார் நிலையத்தில் என் முதல் சேமிப்பைக் கொட்டினேன். தங்க எழுத்தில் சான்றிதழ் தந்தார்கள். அடுத்த படிப்புக்கு அதை நீட்டியபோது, முகப்பில் இருந்த அம்மா மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். ஒரு வருடம் போனது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது. மொத்தப் பணத்தையும் முன்னதாகக் கட்டச் சொன்னால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள், பருவத்துக்குப் பருவம் கட்டுகிற இடமாகப் பாருங்கள். ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்கு எடுக்கலாம். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனையும் விசாரியுங்கள். ஆனால் முதல் பருவத்தைக் கடன் இல்லாமல் படித்துப் பாருங்கள், உங்களால் ஓட முடிகிற வேகம் தெரியும்.

இனி படிப்புக்குள் வருவோம். ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறீர்கள். பெயர்கள்தான் ஆங்கிலம். சங்கதி உங்கள் கண்ணெதிரில் இருக்கிறது. இன்று இரவே ஒன்று செய்து பாருங்கள். அடுத்த வீட்டு 4 வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரே மாதிரியான இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். "இரண்டும் ஒன்றுதானே?" "ஆமா." அவன் பார்க்கப் பார்க்க ஒரு டம்ளர் தண்ணீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றுங்கள். "இப்போ எதில் அதிகம்?" டம்ளரைத்தான் காட்டுவான், உயரமாக இருக்கிறதே! அவன் அக்காவுக்கு 8 வயது என்றால் அவள் சிரிப்பாள், "அதே தண்ணிதானே டீச்சர்" என்பாள். பியாஜே என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பிள்ளைகளிடம் இப்படித்தான் கேட்டுக் கேட்டு எழுதினார். இந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு அவருடைய ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தால் பாதி புரிந்துவிடும். மீதிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டம் போடுங்கள், தமிழ், மலாய், ஆங்கிலம். ஒரு நாளைக்கு 5 சொல்.

லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் ஐந்து கல் விளையாடும்போது 9 வயதுக்காரி, 5 வயதுக்காரியின் கையைப் பிடித்து "இப்படித் தூக்கிப் போடு" என்று காட்டுகிறாளே, பிள்ளை தனியாகச் செய்ய முடியாததைத் துணையோடு செய்கிற அந்த இடைவெளிதான் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளரின் பாடம். 1934இல், 37 வயதில் இறந்துபோனார் அவர். பட்டணத்து வகுப்பறையில் ஒரே வயதுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். இந்தக் காட்சியை உங்களால் தினமும் பார்க்க முடியும். பிரான்ஃபன்பிரன்னர் என்ற அமெரிக்க உளவியலாளரோ பிள்ளையைச் சுற்றி வட்டம் வட்டமாக உலகம் இருக்கிறது என்றார். வீடு, பள்ளி, அதற்கு வெளியே பிள்ளை காலடி வைக்காத இடங்கள். பத்து காவான் தொழிற்சாலைக்குப் போகிற தாயின் ஷிப்ட் மாறினால், அந்தத் தொழிற்சாலையையே பார்க்காத மகன் உங்கள் வகுப்பில் காலை 9 மணிக்குத் தூங்கி விழுகிறான். வெளி வட்டம் என்று அவர் சொன்னது அதைத்தான். வாரத்தில் எந்த நாளில் எந்தப் பிள்ளை தூங்கி விழும் என்று உங்களால் இப்போதே சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, கவனிப்பது வேறு. இந்தப் படிப்பு உங்களுக்குக் கொடுக்கப்போவது இரண்டாவதை. கூலிம் பக்கத்திலிருந்து வந்த என் மாணவி ஒருவர் முதல் கவனிப்புக் குறிப்பை இப்படி எழுதியிருந்தார்: "இவன் முரடன். அடுத்த பிள்ளையின் பொருளைப் பிடுங்குவான்." திருப்பிக் கொடுத்துவிட்டேன். கண்ணால் பார்த்ததை மட்டும், நேரத்தோடு எழுதி வாருங்கள் என்றேன். அடுத்த வாரம் வந்தது: "9.10, லாரி பொம்மை வைத்திருந்த பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். 'எனக்குத் தா' என்றான். அந்தப் பிள்ளை திரும்பவில்லை. 9.11, மறுபடி கேட்டான். 9.12, சத்தமாகக் கேட்டான். 9.13, பிடுங்கினான்." லாரி வைத்திருந்த பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, மலாய் மட்டும்தான். நம்ம பிள்ளைக்கு வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சு இல்லை. மூன்று முறை மரியாதையாகக் கேட்டிருக்கிறான், யாருக்கும் கேட்கவில்லை. மாணவி அவனுக்கு "போலே பிஞ்சாம்" (இரவல் தருவாயா) என்று மலாயில் சொல்லக் கற்றுக்கொடுத்தார். அந்த மாதமே பிடுங்குவது குறைந்துவிட்டது. அந்தக் குறிப்பேட்டின் நகலை இன்றும் வைத்திருக்கிறேன். 6 மாதம் முரடன் என்று பெயர் வாங்கியவன் அவன்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. பட்டணத்து மாணவர்களுக்கு இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்கள் பாட ஒப்படைப்பில் பெயரை மாற்றி எழுதினாலும், "மூன்றாவது லயம், அப்பா சம்சு குடிப்பவர், இரட்டைப் பிள்ளைகள்" என்று எழுதினால் பெயர் எதற்கு? என் மாணவி ஒருவர் அப்படி எழுதியதை அச்செடுக்கக் கடையில் கொடுத்தார். கடைக்காரர் படித்தார். வாரம் முடிவதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தத் தாய் பிள்ளையைப் பாலர் பள்ளியிலிருந்தே நிறுத்திவிட்டார். அந்த மாணவியை நான் குறை சொல்லவில்லை. அடையாளத்தை எப்படி மறைப்பது என்று நான் முன்கூட்டியே சொல்லித் தந்திருக்க வேண்டும், சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். வயதையும் குடும்ப அமைப்பையும் கொஞ்சம் மாற்றுங்கள், பாடத்துக்குத் தேவையில்லாததை விட்டுவிடுங்கள், குறிப்பேட்டைப் பூட்டி வையுங்கள், தாயிடம் முதலில் கேளுங்கள்.

பூட்டி வைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. ஒரு பிள்ளை அடிபடுகிறது, சீண்டப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு குழந்தைப் பராமரிப்பாளர்களைப் புகார் செய்யக் கட்டாயப்படுத்துகிறது. அதற்கான உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999. அந்த எண்ணைக் கைப்பேசியில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். "தோட்டத்துப் பெயர் கெட்டுவிடும்" என்று யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள். சொந்தக்காரராகவும் இருப்பார். அப்போதும் கூப்பிடுங்கள்.

லைன் கிடைக்காதது தொல்லைதான். 2020இல் சபாவில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி இருந்ததை நாடே பார்த்தது. உங்களுக்கு அந்த நிலை வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை நிபோங் தெபாலுக்கு வந்து, நூலகத்திலோ இணைய வசதி உள்ள நாடி மையத்திலோ உட்கார்ந்து, அந்த வாரத்துப் பாடம், காணொலி எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். நேரலை வகுப்பு பதிவாகக் கிடைக்குமா, நேரடித் தேர்வு எங்கே நடக்கும் என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்டர்வொர்த் வரை கொமியூட்டர் ரயில் இருக்கிறது, அங்கிருந்து ஃபெரி. மாதம் ஒரு சனிக்கிழமை இங்கே வருவது உங்களால் முடிகிற காரியம்.

என் வகுப்பில் பாதியில் நின்றவர்களில் லைன் இல்லாமல் நின்றவர்கள் சிலர்தான். மற்றவர்கள் தனியாக இருந்ததால் நின்றார்கள். இரண்டாவது பருவத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் ஆஸ்பத்திரியில், ஒப்படைப்புக்கு நாளை கடைசி நாள். அந்த இரவில் "நானும் இன்னும் முடிக்கலை, வா சேர்ந்து எழுதுவோம்" என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு வரி போட ஆள் இருந்தவர்கள் முடித்தார்கள். ஆகவே தனியாகச் சேராதீர்கள். உங்கள் பாலர் பள்ளியிலோ பக்கத்துத் தோட்டத்திலோ இன்னொருத்தியைப் பிடியுங்கள். இருவரும் ஒரே பருவத்தில் பதியுங்கள். மகள் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு 5 நாள். அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள், முறிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் பாத்திரம் கழுவுவது யார் என்பதை வீட்டுக்காரரோடு முதல் நாளே பேசிவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பையன். படித்தால் தெரியுமா என்று கேட்டீர்கள். படிப்பு முடிய 3 வருடம் ஆகும், அவன் அதுவரை காத்திருக்க மாட்டான். 14 வயதில் படிவம் 1 என்றால் தன்னைவிட ஒரு வயது சின்னவர்களோடு உட்கார்ந்திருக்கிறான். தமிழ்ப்பள்ளியில் 6 வருடம் பழகிய முகங்கள் கலைந்துவிட்டன, பாடமெல்லாம் மலாயில். அவன் மட்டம் போடுவது சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், லாரி பொம்மைப் பிள்ளையைப் பார்த்ததுபோல இவனையும் பாருங்கள். எந்தக் கிழமை போகவில்லை? அன்றைக்கு என்ன பாடம்? பஸ்ஸில் யார்? பள்ளியில் ஆலோசக ஆசிரியர் ஒருவர் இருப்பார். தாயோடு போய் அவரைப் பாருங்கள், நாள்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். கையில் வேலை வரும் பிள்ளை என்பதையும் சொல்லுங்கள். படிவம் 3 வரை தாங்கிப் பிடித்தால் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

அவனிடம் பள்ளிக்கூடப் பேச்சை முதலில் எடுக்காதீர்கள். மண்டபத்தில் இன்னொரு சைக்கிள் கட்டாயம் உடைந்து கிடக்கும். அதை அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். "தம்பி, இதுவும் போச்சுடா, பார்க்கிறியா?" என்று கேட்டுவிட்டு, அவன் ஸ்பானரை எடுத்ததும் வந்துவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் பேசுவதற்கு ஒரு சைக்கிள் போதாமல் போகலாம். மூன்று நான்குகூட ஆகலாம். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.